ஊரிலேயே மோசமான தையல்காரி

தையலக்காவிடம் துணி கொடுத்தால் நாலு நடையாவது நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கை நீளும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், பொத்தான் ஒரு படி மேலேறி நிற்கும். "இவ கையில கத்திரிக்கோலை யாரு குடுத்தது?" என்று கேட்காத வாய் இல்லை. நானும் கூடவே தலையாட்டி வைப்பேன். அவள் கடைக்கு எதிரே நூல், பொத்தான், ஜிப் விற்பவன் நான். என் சட்டைகளையும் அவள்தான் தைக்கிறாள். எதைப் போட்டாலும் இடது கை குட்டையாகத்தான் இருக்கும்.

கடை வைப்பதற்கு முன்னால் இதே அக்கா ஒரு உடுப்புக் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவுக்குத் தலைமை. அவள் வெட்டியதில் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குத் தனிக் கடை போட்டதும் கை எப்படிக் கெட்டது என்று ஊர் யோசிக்கவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது.

காரணம் ஒரு பஸ் கண்டக்டர். கடை திறந்த புதிதில் சட்டை தைத்துக்கொண்டு போனவன், காலர் இறுக்குகிறது என்று திரும்பி வந்தான். அப்புறம் கை தொங்குகிறது என்றான். எதுவும் இறுக்கவில்லை, எதுவும் தொங்கவில்லை. அக்கா ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்கார்ந்து, தையல் மெஷினைப் பார்த்தபடி, தனக்கு ஒருவனைப் பிடிக்கும் என்று சொன்னான். ஆளைப் பார்த்துத்தான் வந்திருக்கிறான். அக்காவும் நர்ஸம்மாவும் கடைக்கு மேலே ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஊர் அவர்களை அக்கா தங்கச்சி என்று நம்புகிறது, மூக்கு ஒரே ஜாடை என்றுகூடச் சொல்கிறது. கண்டக்டர் மூக்கைப் பார்த்து ஏமாறவில்லை.

ஒரு நாள் அவன் அண்ணனும் கூடவே வந்தான். சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னான். "நல்லாத்தானடா இருக்கு, அப்புறம் எதுக்கு இங்கயே சுத்துற?" என்று கேட்டுக் கூட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு கண்டக்டர் வரவில்லை, அவன் செத்துப்போன சேதிதான் வந்தது. அக்கா அன்றைக்கு மூன்று சட்டை தைத்தாள். மூன்றும் கோணல். அதற்கப்புறம் நேராகத் தைக்க அவள் முயலவில்லை.

அதுதான் எங்கள் சங்கத்தின் ஆரம்பம். பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது. பெரிய ஊரில் எங்களைப் போன்றவர்களுக்குக் கூட்டம் நடக்கிறது, போட்டோ எடுக்கிறார்கள், பாட்டுக்கூட உண்டு என்கிறார்கள். நல்லது. பள்ளிவாசல் தெருப் பிள்ளையோ குப்பை அள்ளுகிற தெருப் பிள்ளையோ அந்த போட்டோவில் ஓரமாக நின்றாலும் அத்தோடு வீட்டை மறக்க வேண்டியதுதான். "தையல்காரி சட்டையைக் கெடுத்துட்டா" என்று சொன்னால் மட்டும் எந்த வீட்டிலும் கதவைத் திறந்து விடுவார்கள். வந்து, தடுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, டீ குடித்து, சொந்தக் குரலில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகலாம். எங்கள் ஆட்களுக்கு மட்டும் கோணல் வைத்தால் சந்தேகம் வரும் என்று அக்கா ஊருக்கே கோணல் வைத்தாள். அந்த விஷயத்தில் அவளிடம் ஓரவஞ்சனை கிடையாது.

அவள் ஐந்து வேளை தொழுகிறவள். இதெல்லாம் பாவமில்லையா அக்கா என்று அழுத ஒருத்தனிடம், "அதை அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ கையைத் தூக்கு, அக்குள் அளவு எடுக்கணும்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன ஆறுதல். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நாலு வருடமாக வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்திக்கு வாயாடி என்று பேர் வைத்திருந்தோம். பள்ளிவாசல் தெருதான். திரைக்குப் பின்னால் போனதும் பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஆரம்பித்தால், காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். தன் வாழ்க்கையில் ஆம்பளைக்கு இடமில்லை என்பதையும் எல்லோருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்து முடித்ததும் பேச்சு நின்றுபோனது. வேலைக்கும் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அவள் தனியாக வெளியே வர ஒரே வழிதான் மிச்சம்: அக்கா கெடுத்த துணி.

கல்யாண உடுப்பையும் அக்காவிடமே கொடுக்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்து ஜெயித்தாள். அதை வைத்து நாங்கள் திட்டம் போட்டோம். தோளிலும் மார்பிலும் அக்கா பிடித்துத் தைப்பாள். போட்டுப் பார்க்கும் நாளில் உடுப்பு ஏறாது. வியாழக்கிழமை வா, சரி செய்து வைக்கிறேன் என்பாள். துணி சரிசெய்ய வரும்போது அவளுடைய அம்மா ஒருநாளும் கூட வந்ததில்லை. வியாழக்கிழமை பின்வாசலில் நர்ஸம்மா ஆட்டோவோடு நிற்பாள். வேறு ஊரில் பெண்கள் விடுதியில் இடமும், ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலையும் பேசியாகிவிட்டது. பஸ் எது, விடுதியில் யாரைப் பார்ப்பது, போனை எங்கே போட்டுவிட்டுப் போவது என்று எல்லாம் யோசித்தோம்.

போட்டுப் பார்க்கும் நாளில் வாயாடியோடு அவள் அம்மாவும், மாப்பிள்ளையின் அக்காவும் வந்தார்கள். நான் ஜிப் கொடுக்கிற சாக்கில் கடைக்குள் நின்றேன். அவள் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

அளவெடுத்துத் தைத்தாற்போல என்பார்களே, அப்படி இருந்தது.

அக்கா முகம் மாறவில்லை. "தோள்ல பிடிக்குமே, கையைத் தூக்கும்மா" என்றாள். வாயாடி தூக்கினாள். "பிடிக்குதுக்கா" என்றாள். மாப்பிள்ளையின் அக்கா வந்து தோளுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். "எங்க பிடிக்குது? இன்னும் இடம் இருக்கு. உங்களைப் பத்தி ஊர்ல என்னென்னமோ சொன்னாங்க, கச்சிதமால்ல தைச்சிருக்கீங்க!"

உடுப்பில் தப்பில்லை. அக்கா திட்டப்படி, பழைய அளவிலிருந்து பிடித்துத்தான் தைத்திருந்தாள். ஆள்தான் உடுப்பு அளவுக்கு இளைத்திருந்தாள். கல்யாணம் பேசியதிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பர்தாவுக்குள் ஆள் இளைப்பது யாருக்குத் தெரியும்? திரைக்குப் பின்னால் வந்தபோதும் அவள் அதைக் கழற்றுவதை நிறுத்தியிருந்தாள், நாங்கள் பஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தெருவில் போகிறவனைக்கூட நிறுத்திச் சாப்பிட்டியா என்று கேட்கிற ஜனம் நாங்கள். அவளை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அவளுடைய அம்மா, மகள் கழற்றிக் கொடுத்த உடுப்பை உட்புறமாகத் திருப்பி, தோள் தையலைக் கட்டைவிரலால் தடவினாள். பிரித்து விடுவதற்காக அக்கா அங்கே இரண்டு விரல் துணி விட்டிருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். "இனி இவ இங்க வர வேண்டிய வேலையில்ல" என்று மாப்பிள்ளையின் அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள்.

வியாழக்கிழமை நர்ஸம்மா ஆட்டோவோடு பின்வாசலில் நின்றாள். சாயங்காலம் ஆட்டோவை அனுப்பிவிட்டு மேலே போனாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கருப்பு நூல்கண்டுகளைத் தனியாகவும் நீல நூல்கண்டுகளைத் தனியாகவும் பிரித்துவைத்தேன், பிறகு ஒன்றாகக் கலந்துவிட்டு மறுபடி பிரித்தேன். அந்த உடுப்பைப் பார்த்தவர்கள் அக்காவைத் தேடி வந்து கல்யாணத் துணி கொடுத்தார்கள். அக்கா வாங்கித் தைத்தாள். கோணலாகத்தான் தைத்தாள், ஆனால் அதில்கூட ஒரு சுரத்து இல்லை. திரைக்குப் பின்னால் வருகிறவர்கள் வந்தார்கள், டீ ஆறியது, போனார்கள். பேச ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது.

சில மாதம் கழித்து வாயாடியின் அம்மா தனியாக வந்தாள். நான் நூல் கொடுக்கப் போயிருந்தேன். பையிலிருந்து ஒரு உடுப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மக போடறது. தொளதொளன்னு கிடக்காம். பிடிச்சுக் குடுக்கச் சொன்னாங்க."

"எவ்வளவு பிடிக்கணும்?" என்றாள் அக்கா.

அம்மா இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளிக் காட்டினாள். அந்த மடிப்புக்குள் ஒரு பிள்ளை நுழையலாம். அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, கீழே வைத்தாள்.

"ஆள் வராம நான் தைக்க மாட்டேன்."

"அனுப்ப மாட்டாங்க."

"அப்ப வேற கடைக்குக் கொண்டு போங்க."

அம்மா போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள், நாங்கள் எல்லோரும் உட்காருகிற அதே ஸ்டூல். "எங்க வீட்லயும் மெஷின் இருக்கு" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நானும் தைச்சுக் குடுத்தவதான். நீங்க வச்சு அனுப்புற கோணலை எல்லாம் ஒரு மணி நேரத்துல நானே சரி பண்ணியிருப்பேன்."

அக்கா அவளையே பார்த்தாள்.

"பண்ணலையே" என்றாள் அம்மா. "இங்க வந்துட்டு வந்தாத்தான் ரெண்டு வாய் சோறு தின்னும், சிரிக்கும். எதுக்குன்னு நான் கேட்டதில்ல. கேட்டா, அப்புறம் தெரிஞ்சுபோயிடும்."

அம்மா எழுந்து பர்தாவைச் சரி செய்துகொண்டாள்.

"இது மாப்பிள்ளையோட அக்கா எடுத்துக் குடுத்த துணி. அடுத்த மாசம் அவங்க வீட்டு விசேஷத்துக்கு இதைத்தான் போடணும்னு நிக்கிறா. அந்தப் பாவி பாழாக்கிட்டா, ஆள் நேர்ல போனாத்தான் ஆகும்னு நான் போய்க் கத்துறேன். அனுப்பினாலும் அனுப்புவாங்க." வாசல் வரை போய்த் திரும்பினாள். "நல்லாக் கெடுத்து வைங்க."

அவள் போனதும் அக்கா கத்திரிக்கோலை எடுத்து அந்த உடுப்பின் ஒரு கையை முழுசாக வெட்டி எடுத்தாள். மிச்சத்தைத் திரைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். கண்டக்டர் செத்ததிலிருந்து நான் பார்க்காததை அன்றைக்குப் பார்த்தேன். வெட்டிய கோடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

எனக்கு நம்பிக்கை வந்ததா என்று கேட்டால், இல்லை. வந்து கைவிட்ட நம்பிக்கைகள் போதும். காலையில் கடை திறந்ததும் எதிரே ஒற்றைக் கை உடுப்பு தொங்குகிறதா என்று பார்க்கிறேன், தொங்குகிறது. நர்ஸம்மா ஆட்டோக்காரனிடம் மறுபடி சொல்லி வைத்திருக்கிறாள். விடுதி, பஸ், போன் எதைப் பற்றியும் நாங்கள் இந்த முறை பேசவில்லை. அவள் வந்தால், முதலில் சாப்பிட்டியா என்று கேட்பது என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம்.