ஜீப்புக்காரர் முடிச்சு

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் நீல நிறப் படங்கு ஒன்று தொங்குகிறது. தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள் செடி கீறாமலும் ஈரம் ஏறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் விரிப்புதான் அது. மற்ற வீட்டுப் படங்குகளில் ஒரு துணி நாடா இருக்கும். எங்கள் வீட்டுப் படங்கில் மட்டும் இடது பக்கம் கயிற்றால் போட்ட பெரிய முடிச்சு, ஜீப்பின் தலையில் மூட்டைகளை இறுக்குகிற முடிச்சு. அதைப் போட்டவர் அப்பா. முதல்நாள் அவர் கட்டிக்கொண்டு போன படங்கு சாயங்காலம் அவிழவே இல்லை. அம்மா கத்தியால் கயிற்றை அறுத்துத்தான் அவரை வெளியே எடுத்தாள். மறுநாளும் அதே முடிச்சுத்தான், வேறு முடிச்சு அவருக்குத் தெரியாது. காலை உள்ளே விட்டு மேலே இழுத்துக்கொள்ளும்படி கொஞ்சம் தளர்த்திப் போட்டார், அவ்வளவுதான்.

அப்பா குமுளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டியவர். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவர்தான் என்றாலும், "கொழுந்துக் காட்டுக்குள்ள என் காலு படாது" என்று இளவயதிலேயே சபதம் போட்டு மலைப்பாதைக்குப் போய்விட்டார். கூலிங் கிளாஸ் இல்லாமல் அவர் வெளியே கிளம்பி நான் பார்த்ததில்லை. அம்மா வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அதே பதினெட்டு வருஷமாகப் படமும் வரைந்துகொண்டிருந்தாள். இலை எடை போடும் இடத்தில் வரிசை நகரும் வரைக்கும் கிடைக்கிற பத்து நிமிஷத்தில், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், மருந்து அட்டையில், பால்பாயிண்ட் பேனாவால் வரைவாள். எல்லாம் முன்னால் நிற்கிற பெண்களின் முதுகும் கையும் கழுத்தும்தான். எங்கள் வீட்டில் அரிசிப் பானையைவிடப் படப் பெட்டிதான் பெரிது.

ஒரு கலை அமைப்பு நல்கை ஒன்றை அறிவித்தது. பல வருஷம் தன் கலையில் உழைத்துவிட்டு, நடு வயதில் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்க நேரம் இல்லாமல் தவிக்கிறவர்களுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவைக் கொடுப்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் விளையாட்டாகத்தான் அம்மாவின் படங்களைப் போனில் எடுத்து விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. அந்த ஓராண்டில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. எடை வரிசையில் நிற்கும் பெண்களை ஆள் உயரத்தில், சுவர் நீளத்துக்கு ஒரே படமாக வரைவதாக அம்மா எழுதிக் கொடுத்திருந்தாள்.

எங்கள் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் அது நமக்கு. மேனேஜர் நல்ல மனிதர்தான், ஒரு வருஷ லீவுக்குச் சம்மதித்தார். ஆனால் அம்மாவுக்குப் பதில் வீட்டிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும், மூன்று மாதத்துக்குள் அந்த ஆள் தினசரி அளவை எட்ட வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அம்மா நல்கையே வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீ வரையி. நான் கொழுந்து எடுக்கேன்."

"உங்களுக்கு அந்தக் கொழுந்து வெட்டுற கத்தரியப் பிடிக்கவாவது தெரியுமா?"

"ஸ்டியரிங்கப் பிடிக்கையிலயும் தெரியாமத்தான பிடிச்சேன்!"

இருபத்தாறு பெண்களும் ஓர் ஆணுமாக அந்தக் கூட்டம் மலையேறியது. அப்பா கத்தரியை வைத்த இடத்திலெல்லாம் முற்றிய இலையும் குச்சியும் வந்தன. "அண்ணே, தேயிலைக்கு மொட்ட போடுதீகளா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். கேலி செய்த அதே பெண்கள்தான் எடைக்கு முன்னால் ஆளுக்கொரு பிடி இலையை அவர் சாக்கில் போட்டார்கள். அவர் தடுக்கவில்லை, "பெறவு திருப்பித் தாரேன்" என்று மட்டும் சொன்னார். ஒருநாள் நான் போன கல்லூரி பஸ் அந்தச் சரிவைக் கடந்தபோது, பக்கத்தில் இருந்த தோழி, "பொம்பளைங்க நடுவுல நிக்குற அந்த ஆளு யாரு?" என்று கேட்டாள். "தெரியல" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலத்தான் இருக்கிறது.

அப்பா இப்படி முதுகு ஒடிந்துகொண்டிருக்க, வீட்டில் அம்மா ஒரு கோடும் போடவில்லை. சுவர் நிறையத் தாள், நாள் முழுக்க நேரம், ஆனால் கை எழவில்லை. காலைச் சங்கு ஊதியதும் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு, வெறுங்கையோடு திரும்புவாள். இரண்டு மாதம் தாளைத் துணி போட்டு மூடி மறைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா துணியை விலக்கிப் பார்த்துவிட்டார். "நான் அங்க அட்டைக்கு ரத்தம் குடுத்துட்டு நிக்கேன், நீ இங்க வெள்ளத் தாளக் காவல் காக்கியா?" என்று கத்தினார். அம்மா அழுதாள். அவர் எழுந்து வெளியே போய் நெடுநேரம் கழித்து வந்தார்.

"நின்ன வண்டிய வாசல்ல வச்சித் தள்ளுனா ஓடாது. சரிவுக்குக் கொண்டு போவணும். நாளையிலருந்து சோத்த நீ எடை போடுற எடத்துக்குக் கொண்டா."

வேலைக்காரருக்கு வீட்டார் சோறு கொண்டுவருவதை எந்தச் சூப்பர்வைசரும் தடுக்க முடியாது. மறுநாள் அம்மா தூக்குச் சட்டியோடு போனாள். வரிசையில் கடைசியாக நின்ற அப்பா, தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். அம்மா அதில் நின்றாள். வரிசை நகர நகர அவளும் நகர்ந்தாள், முந்தானையிலிருந்து பேனாவை எடுத்தாள், தராசை நெருங்குவதற்குள் ஒரு கழுத்தும் இரண்டு கைகளும் தாளில் வந்துவிட்டன. நேரம் இல்லாததுதான் அவளுடைய குறை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வரிசை. அதன்பிறகு தினமும் அங்கே வரைந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய தாளில் ஏற்றினாள். மூன்றாவது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது அப்பாவின் சாக்கு யார் பிடியும் சேராமல் அளவைத் தொட்டது. பெண்கள் போட்ட விசில் கீழே ரோடு வரைக்கும் கேட்டதாம். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொருத்தி சாக்கிலும் ஒரு பிடி போட்டுக் கணக்கைத் தீர்த்தார்.

படம் கொச்சியில் ஒரு கூடத்தின் சுவரை முழுவதும் அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஆட்கள் ஒரு பஸ் பிடித்து வந்தார்கள். படத்தில் அத்தனை பேரும் முதுகு காட்டித்தான் நிற்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொருத்தியும் தன்னைக் கண்டுபிடித்துக் கத்தினாள். அப்பாவுக்குத்தான் தன்னைத் தெரியவில்லை. "அண்ணே, முடிச்சப் பாருங்க!" என்றாள் ஒருத்தி. வரிசையின் கடைசியில், ஜீப்புக்காரர் முடிச்சோடு அவர் நின்றார். அவருக்கு முன்னால் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் தாள். பார்க்க வந்த ஒரு பெரியவர் அங்கே விரலை வைத்து, இந்த இடம் முடிக்காமல் விட்டதா என்று கேட்டார். "அது என் வீட்டுக்காரி நிக்கிற எடம், சார். கைய எடுங்க" என்றார் அப்பா. பெரியவர் என் பக்கம் திரும்பி, பெண்களுக்கு நடுவில் நிற்கிற இந்த ஆள் யார் என்றார்.

"எங்க அப்பா" என்றேன். கூடம் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.

இப்போது அப்பா மறுபடி ஜீப் ஓட்டுகிறார், கண்ணாடியும் ஏறிவிட்டது. அம்மா மறுபடி கொழுந்துக்குப் போகிறாள், அடுத்த படத்துக்கும் வரிசையில் நின்றுதான் வரைகிறாள். காலையில் அவள் ஆணியிலிருந்து அந்தப் படங்கை எடுத்துக் கீழே வைத்து, இரண்டு காலையும் உள்ளே விட்டு, இடுப்புக்கு இழுத்துக்கொள்கிறாள். அவளுக்கு அது கொஞ்சம் தொளதொளப்புத்தான். முடிச்சை மட்டும் அவிழ்க்க விடமாட்டாள்.