ஆறு சீழ்க்கை

கார்த்திகை மாதம் பதினேழாம் தேதி. விடிந்து நான்கு நாழிகை இருக்கும். ஏரிக்குப் போனவர்கள் நான்கு பேர். திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். வராதவர் என் தங்கையின் கணவர் ஏகாம்பரம். அவர் வெள்ளத்தில் போனதற்குக் காரணம் நான். அம்மனின் அடியார்களாகிய உங்களிடம் இதை மறைத்துவிட்டு அவள் கருணையை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சிதான். நடந்து பதினோரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது யுத்த காலம், விளக்குக்கு எண்ணெய் கிடைப்பதில்லை. எனக்கும் எழுபத்திரண்டு வயது, கண் மங்குகிறது. அதனால் பகலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பூந்தமல்லியில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. கிணற்றுப் படி, கோயில் தூண், சாப்பிட்ட கவளம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. குழந்தைகள் இல்லை. மனைவி தவறியதும் அயனம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்கு வந்தேன்.

மாப்பிள்ளை என்னைப் போல இல்லை. கூரைக்கு அடியில் அவரை உட்கார வைக்க முடியாது. கழனி வேலை முடிந்தால் ஏரி. பறி வைத்து மீன் பிடிப்பார், வலை கட்டி முயல் பிடிப்பார், தண்ணீர் மணத்தை வைத்தே விரால் எங்கே கிடக்கிறது என்பார். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருப்பார். பிள்ளைகள் நான்கு பேருக்கும் மடியில் ஏதாவது இருக்கும். தாமரைக்காய், ஈச்சம்பழம், மீன்கொத்தியின் இறகு. நால்வருக்கும் கொடுத்த பிறகுதான் கால் கழுவுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கரையிலிருந்து இறங்கும்போது, வீட்டில் இருக்கும் தலைக்கு ஒன்றாகச் சீழ்க்கை அடிப்பார். அதைக் கேட்டுத் தங்கை சோறு வடிப்பாள். அவளுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு நான்கு. நான் தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்த அன்று மாலை, வேறு வேலையில்லாமல் எண்ணினேன். ஆறு. மனைவி போன பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். எங்கள் ஏரியின் கலங்கலில், அதாவது மிகுதி நீர் வழிந்து போகும் இடத்தில், கற்களை வரிசையாக நட்டிருக்கும். இருபத்திரண்டு சந்துகள். பெருமழை ஓய்ந்ததும் அந்தச் சந்துகளை மண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும், கோடைக்கு உதவும். அவசரப்பட்டு அடைத்துவிட்டுப் பிறகு மழை கொட்டினால் கரையே உடைந்து தெரு அடித்துக்கொண்டு போகும். நான் பதினான்கு வருஷ மழைநாட்களை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். தீபம் கழிந்த மூன்றாம் நாள் ஊரார் என்னைக் கேட்டார்கள். "இனி பெருமழை இல்லை, அடையுங்கள்" என்றேன்.

மாப்பிள்ளை மட்டும் தலையை ஆட்டினார். "இன்னும் மய கீது மச்சான். எறும்பு முட்டையத் தூக்கிக்கினு பனை மேல ஏறுது."

"எறும்பு பஞ்சாங்கம் பார்த்ததோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "சரி வாத்தியாரே. உன் நோட்டு நனையாம பாத்துக்க."

இரண்டாம் நாள் மழை பிடித்தது. இரண்டு இரவும் ஒரு பகலும் விடவில்லை. பதினேழாம் தேதி விடியற்காலையில் நீர் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. அடைப்பை எடுக்க அவர் மூன்று பேரோடு போனார். போகும்போது என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. எட்டுச் சந்துகளை எடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவதை எடுக்கும்போது மீதி எல்லாம் ஒரே சமயத்தில் பிய்த்துக்கொண்டது. கரை தப்பியது. தெரு தப்பியது. அவர் கால்வாயோடு போய்விட்டார்.

தங்கை அழவில்லை. "அண்ணா, உலை வச்சிக்கீறேன். அவுரு வந்துருவாரு" என்றாள். அது அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

திருவேற்காட்டுக்கு ஓடி அம்மன் சன்னிதியில் விழலாம் என்று கிளம்பினேன். கூவம் கரைபுரண்டு ஓடியது, தாண்ட முடியவில்லை. கோபுரமும் மழையில் தெரியவில்லை. திரும்பி வந்து ஏரிக்கரை வேப்பமரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். நூற்றெட்டுச் சுற்று என்று வேண்டிக்கொண்டு, கணக்குக்காகக் கையில் புளியங்கொட்டைகள் வைத்திருந்தேன். முப்பதோ நாற்பதோ இருக்கும், கால் வழுக்கி விழுந்தேன். கொட்டைகள் சேற்றில் சிதறிப் போயின. எத்தனையாவது சுற்று என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் முதல்முறையாகக் கணக்கு கைவிட்டுப் போனது.

சேற்றிலேயே கிடந்து அழுதேன். "தாயே, என் கணக்குத் தப்பு. அது என்னோடு போகட்டும். அவரை இன்றைக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்பு" என்றேன். நூற்றெட்டும் இல்லை, பதிலுக்கு இது செய்கிறேன் என்ற பேரமும் இல்லை. வேறு எதுவும் வாயில் வரவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் கிடந்தேனோ, அதற்கும் கணக்கில்லை.

மழை தூறலாகியிருந்தது. கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. பறவை என்று நினைத்தேன். இரண்டாவது. மூன்றாவது. எழுந்து உட்கார்ந்தேன். நான்கு. ஐந்து. அங்கே நின்றது. ஐந்தோடு முடித்துக்கொண்டாலும் நியாயம்தான் என்று எண்ணினேன். மூச்சு வாங்கி, மெலிதாக, ஆறாவதும் வந்தது.

தாழம்புதர் ஒன்று அவரைப் பிடித்து வைத்திருந்தது. உடம்பெல்லாம் முள் கிழித்த கோடு. வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார்: "மூணு பாம்பு மச்சான், அதே பொதருல. அதுங்களும் என்னாட்டமே பயந்துகினு கெடந்துச்சிங்க. நீ எத்தினின்னு கேப்பியேன்னுதான் எண்ணி வச்சேன்." தங்கை அப்போதுதான் அழுதாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "வுடு மச்சான். அடுத்த வருசம் நீயும் எறும்பும் கலந்து பேசிக்குங்க" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார். இரண்டு பையன்களும் வேலைக்காக வெளியூர் போனார்கள். ஒவ்வொருவர் போகப் போகச் சீழ்க்கை ஒன்று குறையும். கடைசியில் இரண்டுதான்.

இந்தச் சித்திரையில் காய்ச்சலில் படுத்தார். ஏழு நாள். அதே வேப்பமரத்தடியில் அதே போல விழுந்து கேட்டேன். எட்டாம் நாள் போய்விட்டார். உங்களிடம் மறைக்கவில்லை, எனக்குக் கோபம். மூன்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. சாயங்காலமானால் காது கரைப்பக்கமே இருக்கும். தங்கை அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

நான்காம் வெள்ளி, பழக்க தோஷத்தில், கணக்குப் போட்டேன். வெள்ளத்திலிருந்து மீண்ட நாள் முதல் போன நாள் வரை நாலாயிரத்து நூற்று அறுபத்தெட்டு நாட்கள், ஒன்றிரண்டு முன்பின். நான் கேட்டது ஒரு நாள். அன்றைக்குக் கூவத்தைத் தாண்டிப் போய் அம்மன் முன் நின்றேன். சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை.

என் தனிமை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தீரவில்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் இப்போது நானே கரைமேல் ஏறுகிறேன். மீதி இருப்பது பதினொரு பல். சீழ்க்கை அடித்தால் காற்றுதான் வருகிறது. இருந்தாலும் இரண்டு அடிக்கிறேன். நேற்று இறங்கி வந்தபோது தங்கை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "கேட்டுதா?" என்றேன். "கேட்டுச்சி அண்ணா" என்றாள்.

உங்களில் யாருக்காவது கணக்கு கைவிட்டுப் போயிருந்தால், அங்கேயே உட்கார்ந்து அம்மனைக் கூப்பிடுங்கள். எத்தனை முறை என்று எண்ண வேண்டாம். அவளுக்குக் கேட்கும்.