சுண்ணாம்பு பிடிக்காத சுவர்

காலையில் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரிப் பியோன் ஓடி வந்தான். “மொதலாளி, டாக்டர் ஐயா போய்ட்டாருங்க. சின்ன அறையில, நாற்காலியில உக்காந்தபடியே போய்ட்டாரு” என்றான். லுணுகலைக் கடைத்தெரு இன்னும் பனிமூட்டத்துக்குள் இருந்தது. சின்ன அறை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வீட்டை அறிந்த யாருக்கும் சிலிர்த்திருக்கும்.

திரு. சிவகுருநாதன் அவர்கள் யாழ்ப்பாணத்தவர். தோட்டத்து மருந்தாளராக வேலை பார்த்தார். பட்டம் பெற்ற டாக்டர் அல்லர். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கு அவர்தான் டாக்டர் ஐயா. நாடு சுதந்திரம் பெற்ற வருடம், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய பங்களாவை வாங்கினார். வெளியே பெய்கிற மழை உள்ளேயும் பெய்கிற வீடு. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். பழைய வீட்டைத் திருத்திப்பார் என்று அதோடு சேர்க்க வேண்டும் என்பது, சுண்ணாம்பும் ஆணியும் விற்கிற என் அபிப்பிராயம்.

முதலில் திருத்தியது கிழக்குப் பார்த்த சின்ன அறையை. அது மகள் ராணிக்கு. வெள்ளை அடித்து ஈரம் உலர்ந்த சனிக்கிழமை, எண்ணெய் முழுக்குக்குத் தாய் மனோன்மணி அம்மா பிள்ளைக்கு நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறார். பிள்ளை கைக்கு அகப்படாமல் ஓடிப் போய், புதுச் சுவரில் உள்ளங்கையைப் பதித்துவிட்டது. அம்மா அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தார். அந்த மழைக்காலம் முடியுமுன் ராணியைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஊருக்கே மருந்து கொடுத்த மனிதர், தன் பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் கட்டிலருகே நின்றதைப் பார்த்தேன். அதை எழுத இப்போதும் கை வரவில்லை.

அம்மா தமையனோடு யாழ்ப்பாணம் புறப்பட்டார். காரில் ஏறுமுன் எங்கள் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்: “நான் அடிச்ச கை அது. அது அந்தச் சுவரில இருக்குமட்டும் என்னால இந்த வீட்டில இருக்க ஏலாது. அதை அழிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ, வாறன்.”

அதன் பிறகுதான் ஐயா வீட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, மடுல்சீமையிலிருந்து வந்த மேசன் மாரிமுத்துவோடு அறை அறையாக இறங்கினார். கூடத்துக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை. சமையலறைக்குப் புகைபோக்கி. சாப்பாட்டு அறைக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையில் மச்சு. மழை நாளில் அந்த அறை முழுக்கத் தேயிலை வாசம் அடிக்கும். “ஐயா வீட்டில் தேத்தண்ணி குடிக்க வேண்டாம், மூச்சு விட்டாலே போதும்” என்பேன். சிரிப்பார். பதுளைக்குப் போய் யன்னல் சீலைகளை அவரே தெரிந்தெடுத்து வருவார். நிறம் அம்மாவுக்குப் பிடிக்குமா என்று என்னிடம் கேட்பார். எனக்கென்ன தெரியும்? பிடிக்கும் என்பேன்.

ஓர் அறை முடிந்தால் அங்கே பால் காய்ச்சுவார். புதுமனைக்கு ஒரு தடவை காய்ச்சுவதுதான் வழக்கம். இவர் அறைக்கு அறை காய்ச்சினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் யாழ்ப்பாணம் போய், முடிந்த அறைகளைப் பற்றி அம்மாவிடம் சொல்வார். அம்மா கேட்பது ஒரே கேள்வி, சின்ன அறை என்ன மாதிரி என்று. ஐயாவிடமிருந்தும் ஒரே பதில்: “சுண்ணாம்பு பிடிக்குதில்லை.”

பிடிக்கவில்லைதான். மாரிமுத்து கடுக்காய்த் தண்ணீர் விட்டு அடித்தான், உப்புப் போட்டு அடித்தான். உலரும்வரை சுவர் வெள்ளையாக இருக்கும். ஒரு வாரத்தில் அந்தச் சின்ன விரல்கள் ஐந்தும் மஞ்சளாக வெளியே வரும். ஒரு நாள் சுண்ணாம்புத் தூரிகையைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்கே வந்துவிட்டான். “மொதலாளி, பாப்பா போக மாட்டேங்குதுங்க. பூச்சைக் கொத்தி எடுத்துடலாம்னா ஐயா விட மாட்டேங்கிறாரு. இனி நான் அந்த அறைக்குள்ள போறதில்ல.”

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து திரும்பும் பெண்கள் அந்த வேலியோரம் வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். பூசாரியை அழைக்கலாமா என்று நான் கேட்டபோது ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். “பேய் எண்டால் நல்லதுதானே தம்பி. வரட்டும். இது அவளின்ர வீடு.” அந்தக் குரலுக்குப் பிறகு நானும் அந்த வேலியோரம் மெதுவாக நடந்ததில்லை.

தந்தி கிடைத்து அம்மா வந்து சேர்ந்தபோது ஐயா கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். அம்மா அழுதார். பிறகு எழுந்து, அவர் எந்த அறையில் போனார் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தாமாகவே சின்ன அறைக்கு நடந்தார். நானும் மாரிமுத்துவும் வாசலோடு நின்றுகொண்டோம்.

கை சுவரில் இருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தார், தொட்டார். விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியது. பத்து வருடத்துக்கு மேலான கறை விரலில் ஒட்டாது. நாற்காலிக்குப் பின்னால், யன்னல் விளிம்பில், ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெயும் அதில் தோய்ந்த பஞ்சும் இருந்தன.

“ஐயோ அம்மா, நான் பாப்பான்னுல்ல பயந்தேன்” என்றான் மாரிமுத்து. அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “பிள்ளை என்னில கோவம், அதுதான் போகுதில்லை எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். பிள்ளையில்லை. இந்த மனுசன்” என்றார்.

மனைவி வேண்டுமென்றால் மகளின் கையை அழிக்க வேண்டும். இரண்டையும் விட முடியாமல், ஒரு வீட்டை முழுவதும் அழகாக்கி அதில் தனியே இருந்து போய்விட்டார் அந்த மனிதர். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து தமையனார் காரோடு காத்திருந்தார். மாரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, “பூச்சைக் கொத்திட்டுப் புதுசா பூசிடவாங்கம்மா?” என்று கேட்டான்.

“தொடாதேங்கோ” என்றார் அம்மா. பிறகு கார்ப் பக்கம் திரும்பி, “அண்ணை, நீங்கள் போங்கோ. நான் என்ர வீட்டில இருக்கப்போறன்” என்றார்.

டாக்டர் ஐயா, இதைக் கேட்க நீங்கள் இல்லை; ஆகவே எழுதுகிறேன். நேற்று மாலை அந்த வழியாக வந்தேன். யன்னல் சீலைகளை அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். நிறம் பிடித்திருக்கிறதாம், நானே கேட்டுவிட்டேன். போய் வாருங்கள்.