பை கொண்டு வராத டைப்பிஸ்ட்

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூரில் நான் லேத் ஓட்டிய கம்பெனியில் எல்லோரும் கேட்டிலேயே பையை ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஒருவனை வேலையை விட்டு எடுத்தால் வாட்ச்மேன் வாயைத் திறக்க மாட்டார். டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவனிடம் அவன் பையை நீட்டுவார், அவ்வளவுதான். ஆர்டர் இல்லாத அந்த வருஷம் எங்கள் கண்ணெல்லாம் அவர் கையில்தான் இருந்தது.

வேலையை விட்டு எடுக்கும் உத்தரவுகளை ஆபீசில் டைப் அடித்துக் கொடுத்த நெட்டை டைப்பிஸ்ட் மட்டும் பையே கொண்டு வரமாட்டார். சட்டை பாக்கெட்டில் இரண்டு வாழைப்பழம், அதுதான் சாப்பாடு. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேலைய விட்டு எடுத்தா இங்கிலீஷ்ல ஸேக் பண்ணிட்டாங்கன்னு சொல்றோமில்ல? ஸேக்னா சாக்குப்பை. இங்கிலாந்துல அந்தக் காலத்துல தொழிலாளி கருவியைப் பையில போட்டு முதலாளிகிட்ட கொடுத்து வைப்பானாம். வேணாம்னா பையைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. பேச்சே கிடையாது. என்னை அனுப்பறவங்க வாயைத் திறந்து சொல்லட்டும்."

ஒருநாள் டீ முடிந்து அவர் எனக்கு முன்னால் வந்தார். வாட்ச்மேன் எழுந்தார். பழக்கத்தில் கை ஆணிப் பக்கம் போய், எடுக்க ஒன்றுமில்லாமல் நின்றது.

"உள்ள போவாதீங்க சார்."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"நீங்க சொல்லுங்க."

"வேலைய உட்டு எடுத்துட்டாங்க சார்." சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

டைப்பிஸ்டின் முகம் வாடிவிட்டது. "உங்களைப் போய் சொல்ல வெச்சுட்டேனே" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டு, அண்ணாந்து மாடியைப் பார்த்தார். முதலாளி அறை ஜன்னல் சாத்தியே இருந்தது.