ஒரு வாரம் டிக்கெட் எடுத்துப் போ

ஏகாம்பரத்திடம் ஒரே ஒரு பஸ் இருந்த காலத்திலேயே பத்து பஸ் நிற்கிற ஷெட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டார். அறந்தாங்கி ரோட்டில் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். ஒரு மூலையில் பஸ் நிற்கும். மிச்ச இடத்தில் அக்கம்பக்கத்து ஆடுகள் படுத்து அசைபோடும். திருமயம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது பஸ் கம்பெனியா, ஆட்டுப் பண்ணையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"பஸ்ஸு வாங்குறது பெரிய காரியமில்ல. ஆளு கெடைக்கணும். ஆளு கெடச்சா மறுமாசம் பஸ்ஸு வரும்" என்றார் ஏகாம்பரம். சொன்னபடிதான் செய்தார். பஸ்ஸை வாங்கி நிறுத்திவிட்டு டிரைவரைத் தேடுகிற வழக்கம் அவரிடம் கடைசி வரை இல்லை.

அந்த ஷெட்டுக்கு 1994இல் வேலை கேட்டு வந்தவர் அடைக்கலம். அப்போது வயது இருபத்தெட்டு. ஆறு வருஷம் லாரி ஓட்டியவர். லைசென்ஸை நீட்டினார். ஏகாம்பரம் அதை வாங்கவே இல்லை.

"ஒரு வாரம் நம்ம வண்டியில டிக்கெட் எடுத்துப் போ. பின்னால உக்காரு, முன்னால உக்காரு, நின்னுக்கிட்டும் போ. வந்து சொல்லு."

"என்ன சொல்லணும் மொதலாளி?"

"பாத்தத."

அடைக்கலம் ஒரு வாரம் போனார். திரும்பி வந்து, டிரைவர் மேட்டில் கியர் மாற்றுவது சரியில்லை, கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிறார், பிரேக் இழுக்கிறது என்று ஒரு மெக்கானிக் மாதிரி அடுக்கினார். ஏகாம்பரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ டிரைவரப் பாத்துட்டு வந்திருக்க. இன்னும் ஒரு வாரம் போ" என்றார்.

மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனார். இரண்டாவது வாரம் நாலாம் நாள், மீன் கூடை கொண்டுவருகிற செவந்தி என்ற பெண் கண்ணில் பட்டாள். பாலத்தடி ஸ்டாப் வருவதற்கு ஒரு மைல் இருக்கும்போதே எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு, ஆட்டத்தில் தடுமாறிப் படிக்கு வந்து நின்றுவிடுவாள். ஷெட்டுக்கு வந்து அதைச் சொன்னார். "எறங்குறதுக்குள்ள வண்டிய எடுத்துருவாங்கன்னு அந்தம்மாவுக்குப் பயம் மொதலாளி."

"நாளைக்கு வா" என்றார் ஏகாம்பரம். லைசென்ஸை மறுநாள்தான் பார்த்தார்.

ஆள் எடுப்பதற்கு இன்றைக்குப் பெரிய பெரிய படிப்பெல்லாம் இருக்கிறதாம். இருக்கட்டும். இரண்டாவது பஸ்ஸுக்கு பாடி கட்டக் கரூர் போனபோது ஏகாம்பரம் டிரைவரையும் கண்டக்டரையும் கூடவே கூட்டிப்போனார். "வண்டி ஓட்டப்போறது நீங்க. எப்பிடி வேணும்னு நீங்களே சொல்லுங்க." அடைக்கலம் கேட்டது ஒன்றுதான்: கூடைக்காரப் பெண்கள் ஏறப் படி ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். பட்டறைக்காரன் முணுமுணுத்தான். படி இறங்கியது.

டிரைவர் தாமதமாக வந்தால் ஏகாம்பரம் முதலில் கேட்பது, "வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றுதான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பஸ் கழுவுவார். நாலு வருஷத்துக்கு முன் அவர் இறந்த அன்று பதினாலு பஸ்ஸில் ஒன்றுகூட நிற்கவில்லை. "ஸ்டாப்புல நிக்கிறவனுக்கு என் சாவு தெரியாது" என்று அவரே சொல்லிவைத்திருந்தார். டிரைவர்கள் முறை போட்டு வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்கள். ஆடுகள் படுத்திருந்த இடமெல்லாம் எப்போதோ பஸ்ஸாகிவிட்டிருந்தது.

இப்போது கம்பெனி அவருடைய மகன் கார்த்திகேயன் கையில். சென்னைக்கு ஏசி ஸ்லீப்பர் பஸ் ஆறு வாங்குகிறார். அதற்கு டிரைவர்களை ஏஜென்சி அனுப்புகிறது. ரூட் பஸ்ஸுக்கு மட்டும் அப்பாவின் ஒரு வாரப் பழக்கத்தை விட்டுவைத்திருந்தார். வந்து சொல்பவர்களைக் கேட்டு முடிவு சொல்வது அடைக்கலத்தின் வேலை. வயது ஐம்பத்தெட்டு ஆகியும் அவர் இன்னும் ரூட் பஸ் ஓட்டுகிறார்.

போன மாதம் ஒரு ரூட் டிரைவர் இடம் காலியானது. வந்து நின்றது அடைக்கலத்தின் மருமகன் அய்யப்பன்.

அய்யப்பன் குவைத்தில் எட்டு வருஷம் தண்ணி டேங்கர் ஓட்டியவன். வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வயது மகள் இன்னும் அவனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். குவைத் ஏஜென்ட் இருபதாம் தேதிக்குள் பாஸ்போர்ட்டைக் கேட்டிருந்தான். இங்கே வேலை கிடைக்காவிட்டால் மறுபடி இரண்டு வருஷம். அடைக்கலத்தின் மகள் திலகவதி தேதியைக் காலண்டரில் சுழித்து வைத்திருந்தாள்.

அய்யப்பன் ஒரு வாரம் ஆவுடையார்கோவிலில் ஏறிப் புதுக்கோட்டை வரை மாமனார் ஓட்டுகிற பஸ்ஸிலேயே போய் வந்தான். கண்டக்டர் பெரியகருப்பன் சும்மா இருப்பாரா? "மாமனார் வண்டியில டிக்கெட் எடுத்துப் போற மொத மாப்பிள்ள நீங்கதான். விருந்தெல்லாம் உண்டா?" அய்யப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தான். ஏழு நாளும் அப்படித்தான். கண்ணாடியில் அடைக்கலம் அதைப் பார்த்தார். இன்றைக்காவது தலையை நிமிர்த்துவான் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பார்த்தார்.

பன்னிரண்டாம் தேதி ஆபீஸ் அறையில் கார்த்திகேயன், அடைக்கலம், எதிரே அய்யப்பன்.

"சொல்லுங்க மாப்ள. என்ன பாத்தீங்க?"

அய்யப்பன் தடங்கலே இல்லாமல் சொன்னான். "ஏழே கால் டிரிப்புல பாலத்தடியில மீன் கூடைக்கார செவந்தி எறங்கும். ஸ்டாப்புக்கு முன்னாலயே படிக்கு வந்துரும். புளியமரத்துல நாலு காலேஜ் புள்ளைக ஏறும், புஸ்தகத்தையெல்லாம் பானெட் மேல அடுக்கிரும். ஒரு பெரியவரு சில்லறைய மடியில முடிஞ்சு வச்சிருப்பாரு, அவுக்குறதுக்குள்ள அறந்தாங்கி வந்துரும்."

அடைக்கலம் கண்ணை மூடிக்கொண்டார். பானெட்டின் சூட்டில் புத்தக அட்டைகள் வளைவது, டேப்பில் பாட்டு, மல்லிகையும் மீனும் கலந்த வாடை, பின்னாலிருந்து செவந்தியின் குரல்: 'அடைக்கலம், நிப்பாட்டிருவீல்ல?' அந்தப் புத்தகங்களில் ஒன்று திலகவதியுடையது. பதினைந்து வருஷம் ஆகிறது.

"சூப்பர். எடுத்துக்கலாம்ணே" என்றார் கார்த்திகேயன்.

அடைக்கலம் ஒரு 'சரி' சொன்னால் போதும். பேத்தி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிடுவாள்.

"செவந்தி வண்டியேறி ரெண்டு வருசமாச்சு தம்பி. முட்டி வலியில வீட்ல கெடக்கு" என்றார். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு வாரம் போயிட்டு வாங்க மாப்ள" என்றார்.

அய்யப்பன் எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவர் மகள் வீட்டுக்குப் போனபோது திலகவதி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"மாமனாரே வேணாம்னு சொன்னாருன்னா அவரு எப்பிடிப்பா வெளிய தல காட்டுவாரு?"

"வேணாம்னு சொல்லல. இன்னொரு வாரம் போகச் சொன்னேன். என்னையும்தான் சொன்னாக. நீ எதுக்குச் சொல்லிக்குடுத்த?"

"எனக்கு அந்த பஸ்ஸுல எல்லாமே ஞாபகம் இருக்கு. அப்ப எனக்கு வேலை குடுங்க."

"லைசென்ஸ் எடு. நாளைக்கே சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை ஆவுடையார்கோவில் ஸ்டாண்டில் அடைக்கலம் வண்டியை எடுக்காமல் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். "டைமிங் போகுதுண்ணே" என்று பெரியகருப்பன் விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்து கோவிலைத் தாண்டும்போது ஒருவன் ஓடிவந்து பின்படியில் ஏறினான். அய்யப்பன். மாமனார் முகத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு நின்றுகொண்டான். காதில் ஒயர் இல்லை.

மூன்று நாள் அப்படி நின்றுகொண்டே போய் வந்தான். வியாழக்கிழமை புதுக்கோட்டை ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு அய்யப்பன் டிரைவர் சீட்டுப் பக்கம் வந்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"புளியமரத்து ஸ்டாப்புல மரமே இல்ல."

"ரோடு அகலப்படுத்தையில வெட்டிட்டாங்க. அஞ்சு வருசம் ஆச்சு."

"நெழக்குடை அம்பதடி தள்ளிக் கட்டியிருக்காங்க. அது காலியாக் கெடக்கு. சனமெல்லாம் மரம் இருந்த எடத்துல வெயில்ல நிக்குது. ஒரு பொம்பள கைப்புள்ளைக்கு முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஏன்னு இன்னைக்குத்தான் பாத்தேன். நீங்க அங்கிட்டுத்தான் நிப்பாட்டுறீங்க."

அடைக்கலத்துக்கு முப்பது வருஷமாக அந்த இடம் வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மரம் நிற்கிற நினைப்பில்தான் போயிருக்கிறது. செவந்தி வண்டியேறி எத்தனை வருஷம் என்று மருமகனைப் பிடித்தவர், இல்லாத மரத்தடியில் ஐந்து வருஷமாக ஊரையே வெயிலில் நிறுத்தியிருக்கிறார். ஏகாம்பரம் இருந்திருந்தால் தன்னையும் இன்னொரு வாரம் டிக்கெட் எடுக்கச் சொல்லியிருப்பார் என்று தோன்றியது.

"நாளைக்கு ஷெட்டுக்கு வாங்க மாப்ள" என்றார். "லைசென்ஸ எடுத்துக்கிட்டு வாங்க."

மறுநாள் காலை வண்டியை நிழற்குடையில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே யாரும் இல்லை. மரம் இருந்த இடத்தில் நின்றிருந்த ஏழெட்டுப் பேர் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு திட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

"என்னண்ணே, இன்னைக்குப் புதுசா?" என்றார் பெரியகருப்பன்.

"எல்லாரும் ஏறட்டும், இரு" என்றார் அடைக்கலம்.