குழாய்த் தண்ணீர்ச் சட்டம்

வாந்திபேதி ஊருக்குள் வந்த வருடம் நான் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய கார் வந்து கட்டளைகளை வாசித்துவிட்டுப் போனது. எல்லோரும் ஊசி போடவேண்டும். ஊசி போட்டதற்கான துண்டுச் சீட்டு இல்லாதவர் சந்தைக்குள் வர ஏலாது. வெட்டிய பழத்தை மூடவேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

சந்தைக்காரருக்குச் சுத்தம் தெரியாது என்று இன்றைக்கும் சிலர் சொல்லக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிண்ணியாவிலிருந்து தோணியில் வரும் மீன்காரர்கள் ஊசி போட்டு, கை வீங்கி, காய்ச்சலோடு வந்து நின்றார்கள். என் பக்கத்தில் அன்னாசி வெட்டி விற்ற பாலையூற்று அக்கா, தன் பிள்ளைகளின் நுளம்புவலையை வெட்டிப் பழத்துக்கு மூடி தைத்தார். சந்தைக் குழாயில் இரண்டு கிழமையாகத் தண்ணீர் இல்லை. அவர் விடியவே வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, குடத்தில் பஸ்ஸேற்றிக் கொண்டுவருவார்.

ஒருநாள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். துண்டைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், குறை சொல்லவில்லை. பிறகு குடத்தைக் காட்டி, இது எங்கே எடுத்த தண்ணீர் என்று கேட்டார்.

"வீட்டில கொதிக்கவைச்சுக் கொண்டு வந்தனான் ஐயா."

சந்தையில் குழாய்த் தண்ணீர்தான் பாவிக்கலாம், அதுதான் சட்டம் என்றார். குழாயைத் திறந்து காட்டினோம். காற்றுத்தான் வந்தது. அது வேறு கந்தோரின் வேலையாம். குடத்துக்குள் பினாயிலை ஊற்றிவிட்டு, பழம் முழுவதையும் சாக்கடைக் கானுக்குள் கொட்டுவித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வெட்கத்தில்தான் மறுநாள் அக்காவோடு, குழாய்க்குப் பொறுப்பான அந்தக் கந்தோருக்குப் போனேன். இரண்டு மணித்தியாலம் காக்கவைத்தார்கள். கந்தோருக்குப் பெரியவர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. நோய்க் காலத்தில் சந்தை ஆட்கள் பொறுப்பாக நடக்கவேண்டும் என்று புத்தி சொன்னார். இடையில் பியோன், மூலையில் திறந்து கிடந்த வாளிக்குள் கையோடு கிளாசை அமிழ்த்தி, அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இது கொதிக்கவைச்ச தண்ணியோ?"

பெரியவர் பியோனைப் பார்த்தார். பியோன் நிலத்தைப் பார்த்தார்.

"நீங்கள் போகலாம்," என்றார் பெரியவர். கிளாசை அவர் தொடவில்லை.

நாலாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. அதுவரைக்கும் அக்கா வியாபாரமில்லாமல் வீட்டில் இருந்தார். மன்னிப்பென்று ஒரு சொல் ஒருவரும் சொல்லவில்லை.

நோய் அடங்கியபின் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சந்தையில் ஒருவருக்கும் நோய் வராமல் காத்தாரென்று அதே பரிசோதகருக்கு மாலை போட்டார்கள். எங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் கூப்பிடாமலே போய்ப் பின்னால் நின்றேன். எல்லோரும் கைதட்டத் தொடங்கியதும் வெளியே வந்துவிட்டேன்.