தெருப் பக்கமா, கடல் பக்கமா: திருகோணமலையில் ஒரு சிலேட்டுக் கூரை

எனக்குக் கூரை பார்க்கும் வியாதி உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கடற்கரையை விட்டுவிட்டு வீடுகளின் முகட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒருநாள் வாய்க்காலுக்குள் விழத்தான் போகிறாய் என்று அம்மா சொல்லி அலுத்துவிட்டார். போன செப்டம்பரில், திருகோணமலையில் படிப்பிக்கும் தோழி தொலைபேசியில் கூப்பிட்டாள். "துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டில சிலேட்டு ஓடு கிடக்கு. சனிக்கிழமை கழட்டப் போகினம். பாக்கிறதெண்டா உடன வா." வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தரைக்குத் தனியார் பஸ். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் பதினொன்றரைக்கு இறங்கினேன். கட்டணம் 1,200 ரூபாய். இடப்பக்கம் உட்காராதீர்கள், வவுனியா வரை வெயில் முகத்தில்தான். பஸ் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 300. சிலேட்டுக் கூரை வீடு என்றதும் ஓட்டோக்காரருக்கு முகவரியே தேவைப்படவில்லை. "காசிம் நானாட வீடுதானே? ஏறுங்கோ" என்றார்.

சிலேட்டு என்றால் நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே கல்தான். மெல்லிய தகடுகளாகப் பிளந்து, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஆணி அடித்திருப்பார்கள். தண்ணீர் குடிக்காது, வெயிலுக்கு அசையாது. எங்கள் மண்ணில் எடுத்த கல் இல்லை, வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

வீட்டுக்காரி ஹாஜரா ராத்தா முன்னறையில் தையல் தைக்கிறார். கணவர் காசிம் நானா துறைமுகத்தில் படகு ஓட்டியவர். பாரிசவாதம் வந்தபிறகு தானாக எழும்ப முடியாது, குரலும் மெலிந்துவிட்டது. பின்னறையில் கடலைப் பார்த்த யன்னலோரம் அவருடைய கட்டில். போன மாரியில் ஒரு சிலேட்டு வழுகிக் கட்டிலில் விழுந்திருக்கிறது. "கால்மாட்டில விழுந்ததால தப்பினார். தலைமாட்டில எண்டா?" என்றார் ராத்தா. அடுத்த மழைக்கு முன் கூரையை மாற்றியே ஆகவேண்டும். இதைக் கேட்டதும், படம் எடுக்க ஓடிவந்த எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கூரை வேலைக்குத் தம்பலகாமத்திலிருந்து சிவராசா பாஸ் வந்திருந்தார். "கல்லில பிழையில்லை, தங்கச்சி. ஆணியைத்தான் உப்புக்காத்து திண்டிட்டுது. இடையில ஆரோ ஒரு புண்ணியவான் ஒழுக்குக்குச் சீமெந்து வேற பூசியிருக்கிறான். பூசின இடமெல்லாம் வெடிச்சுப் போச்சு." கழற்றிய ஒவ்வொரு கல்லையும் விரல் மொழியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல கல், சத்தம் அடைத்தால் உள்ளே வெடிப்பு. நானும் முற்றத்தில் குந்தித் தட்டினேன். விரல் வீங்கியதுதான் மிச்சம். பின்னேரம் பார்த்தால், நல்ல கல் கூரையின் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மற்றப் பக்கத்துக்குத் தகரம்.

"அப்ப தெருப் பக்கத்துக்குச் சிலேட்டைப் போடுவம்" என்றார் பாஸ். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாத நானும், அதுதான் வடிவு என்று சேர்ந்து பாடினேன்.

ராத்தா தையலை நிறுத்தவில்லை. "தெருப் பக்கத்துக்குத் தகரத்தப் போடுங்க."

"ராத்தா, தெருவால போற சனம் என்னையெல்லோ ஏசும்!" என்றார் பாஸ்.

"ஏசட்டும். தகரம் காஞ்சா நாங்க எழும்பி மரத்துக்குக் கீழ போவம். அவருக்கு ஏலுமா?"

கட்டிலை முன்னறைக்கு மாற்றினால் என்ன என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கக்கூசு பின்னுக்கு, கடலும் பின்னுக்கு. முப்பது வருசம் கடல்ல நிண்ட மனுசனத் தெருவப் பார்த்துக் கிடவுங்க எண்டு சொல்ல ஏலாது, தங்கச்சி. மழை நாளில நான் மெசின அங்க இழுத்துப் போட்டுத் தைப்பன். மேல தகரமெண்டா, மழை அடிக்கிற சத்தத்தில பக்கத்தில இருந்தாலும் அவர் கூப்பிடுறது எனக்குக் கேக்காது."

பாஸ் பீடியை அணைத்தார். "அப்ப கிண்ணியாவில தோணி கட்டுற ஆக்களிட்டச் செப்பாணி எடுப்பம். உப்புக்காத்துக்கு அதுதான் நிக்கும்" என்று சைக்கிளை எடுத்தார். பின்பக்க வேலை முடியும்வரை இரண்டு இரவு தங்கினேன். பக்கத்து விடுதியில் மின்விசிறி அறை, ஒரு இரவுக்கு 4,500 ரூபாய். கடைசிக் கல் ஏறியதும் காசிம் நானா மேலே பார்த்துக்கொண்டே கிடந்தார். கடலைக்கூட அன்று அவர் பார்க்கவில்லை.

சிலேட்டுக் கூரை உள்ளவர்களுக்கு என் அனுபவம் இதுதான்: அதன்மேல் ஏறி நடக்காதீர்கள், ஒழுகினால் சீமெந்து பூசாதீர்கள், கல்லைக் குறை சொல்ல முதல் ஆணியைப் பாருங்கள். பார்க்கப் போகிறவர்கள் மாரிக்கு முன் போங்கள். தெருவில் நின்றால் உங்களுக்குத் தெரிவது பச்சைத் தகரம் மட்டுமே. ஏமாற்றமாக இருக்கும். கதவைத் தட்டி உள்ளே காட்டச் சொல்லவேண்டாம், அது நோயாளி இருக்கும் வீடு.

நவம்பரில் திருகோணமலையில் பெருமழை என்று கேள்விப்பட்டு ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒழுகுகிறதா என்று கேட்க வாய் திறக்கவில்லை, அதற்குள், "பொறுங்க தங்கச்சி, அவர் கூப்பிடுறார்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.